எரியாத ஆற்றலை நோக்கி: சிங்கப்பூரின் மின்சார மாற்றமும் நம் மொழியும்



இலக்கியமும் இலக்கணமும் வரலாறும் பேசப்படும் இவ்வுரைத் தொடரில் மின்சாரத்திற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இரு காரணங்களைச் சொல்லலாம். இந்நாட்டில் அடுத்த முப்பது ஆண்டுகளில் நிகழவிருக்கும் பெருமாற்றங்களுள் மின்சார மாற்றமும் ஒன்று. அதன் விலையை நம் ஒவ்வொருவர் வீடும் கொடுக்கப்போகிறது. அம்மாற்றத்தைப் பற்றி வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் காப்பிக்கடையிலும் தமிழில் வழக்காட நம்மிடம் சொற்கள் இருக்கின்றனவா என்பது இரண்டாவது காரணம். முதலில் பொருளைப் பார்ப்போம். பிறகு சொல்லுக்கு வருவோம்.

கரியிலிருந்து வாயு வரை

சிங்கப்பூரின் விளக்குகள் முதலில் மின்சாரத்தால் எரியவில்லை. 1862இல் காலாங்கில் எரிவாயு ஆலை இயங்கத் தொடங்கியது. நிலக்கரியைச் சூடேற்றிப் பெற்ற வாயு 1864 முதல் நகரத் தெருக்களை ஒளிபெறச் செய்தது. மின்விளக்குகள் சில தெருக்களுக்கு வந்தது 1906இல். நகராட்சி தனக்கென எழுப்பிய முதல் மின்நிலையமான செயின்ட் ஜேம்ஸ் 1927இல் நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்தது. போருக்குப் பின் எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் பெருகின. பாசிர் பாஞ்சாங், ஜூரோங், செனோக்கோ, துவாஸ் என்னும் ஊர்ப்பெயர்கள் மின்நிலையங்களின் பெயர்களாகவும் ஆயின.

எண்ணெயிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியதே நம் நாட்டின் முதல் பெரிய மாற்றம். 1992இல் மலேசியாவிலிருந்து குழாய்வழி எரிவாயு வந்தது. 2001இல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்தும், 2003இல் தென் சுமத்ராவிலிருந்தும் கடலடிக் குழாய்கள் வந்து சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் நம் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எரிவாயுவால் ஆனது. இன்று நூற்றுக்குச் சுமார் 95 பங்கு அதனால் ஆகிறது. இம்மாற்றம் ஆரவாரமின்றி நிகழ்ந்தமையால் அதன் அளவை நம்மில் பலர் உணர்ந்ததில்லை.

எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் புதிய நிலையங்கள் ஒரே நெருப்பில் இருமுறை பயன் கொள்கின்றன. வாயு எரிந்து முதல் சுழலியைச் சுற்றுகிறது. வெளியேறும் வெப்பம் நீரை ஆவியாக்கி இரண்டாம் சுழலியைச் சுற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு வெளியாகும் கரியமில வாயு, நிலக்கரி நிலையம் வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியாகிறது. நம் நாட்டில் அது யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோகிராம். மாதம் 400 யூனிட் செலவிடும் குடும்பத்தின் கணக்கில் 160 கிலோகிராம் கரியமில வாயு சேர்கிறது. அக்குடும்பத்தின் வீட்டில் புகை இல்லை, கரி இல்லை. எனினும் துவாஸிலோ ஜூரோங் தீவிலோ அதன் பெயரில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

எரிவாயுவைச் சார்ந்திருப்பதன் இன்னொரு முகமும் உண்டு. 2004 ஜூன் 29ஆம் நாள் இரவு, நத்துனாக் குழாய்வழி வந்த எரிவாயு தடைபட்டதால் தீவின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. எரிவாயு வரும் வழிகளைப் பலவாக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 2013இல் ஜூரோங் தீவில் திரவ இயற்கை எரிவாயு முனையம் செயற்படத் தொடங்கியது. கப்பலில் உலகின் எம்மூலையிலிருந்தும் எரிவாயுவை வாங்க அது வழி செய்தது. ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறினால் அந்த ஏற்றமும் அதே கப்பலில் வந்து சேர்கிறது. 2021இன் பிற்பகுதியில் எரிவாயு விலை உயர்ந்தபோது மின்சாரச் சில்லறை விற்பனையாளர் பலர் சந்தையைவிட்டு விலகியதை நாம் கண்டோம்.

இயற்கை நமக்கு அளந்து தந்தது

2050ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய வெளியேற்றத்தை எட்டுவது சிங்கப்பூர் அரசு ஏற்றுக்கொண்ட இலக்கு. வெளியேற்றும் கரிம வாயுவும் மீட்டெடுக்கும் கரிம வாயுவும் ஒன்றுக்கொன்று ஈடாகி, மீதி சுழியமாக வேண்டும் என்பது அதன் பொருள். இந்த இலக்குக்கு மின்சாரத் துறையே முதற்படி.

பிறநாடுகள் இதற்கு ஆற்றையும் காற்றையும் நாடுகின்றன. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பங்கு அருவி நீரால் ஆனது. டென்மார்க் கடற்காற்றை அறுவடை செய்கிறது. சிங்கப்பூரின் நிலை வேறு. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் அணைகட்டி மின்சாரம் எடுக்கத்தக்க ஆறு இல்லை. காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவே. பெரிய காற்றாலைகள் நன்கு இயங்க அதைப்போல் இருமடங்குக்கு மேல் வேண்டும். கடல் ஏற்றவற்றத்தின் வீச்சும் சிறியது. கடற்பரப்பிலோ கப்பல்கள் நெருங்கி நிற்கின்றன.

எஞ்சியிருப்பது வெயில். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பதால் அது நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அதை ஏந்திக்கொள்ளும் இடமே அரிது. ஆகவே கூரைகள் களமாயின. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் 2014இல் தொடங்கிய ‘சோலார்நோவா’ திட்டத்தின்வழி வீவக அடுக்குமாடிகளின் உச்சியில் சூரியத் தகடுகள் வரிசை வரிசையாய் ஏறின. அவற்றைச் சுமந்து சென்று பொருத்திய தொழிலாளர்களுள் நம் மொழி பேசுவோரும் உண்டு. கூரை போதாதபோது நீர்ப்பரப்பு களமாயிற்று. தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் ஏறத்தாழ 45 ஹெக்டரில் 122,000 தகடுகள் மிதக்கின்றன. 2021 ஜூலையில் திறக்கப்பட்ட அந்த 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட நிலையம், நாட்டின் ஐந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் மின்தேவைக்கு ஈடுசெய்கிறது.

இங்கே ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. செய்தித்தாளில் மெகாவாட், ஜிகாவாட் என்று படிக்கும்போது அது திறனைக் குறிக்கிறது. வீட்டுக் கட்டணச் சீட்டில் காணும் யூனிட், உண்மையில் விளைந்த அல்லது செலவான மின்சாரத்தைக் குறிக்கிறது. வயலின் பரப்பு ஒன்று, களத்துக்கு வந்த நெல் இன்னொன்று. சூரியத் தகடு இரவில் உறங்கும். மேகம் மூடினால் தளரும். நம் வானிலையில் ஒரு கிலோவாட் உச்சத்திறனுள்ள தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். 2030க்கென முன்னர் வகுக்கப்பட்ட இலக்கு குறைந்தது 2 ஜிகாவாட் உச்சத்திறன். அதன் விளைச்சல் ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கோடி யூனிட். நாட்டின் ஆண்டுச் செலவோ 5,500 கோடி யூனிட்டைத் தாண்டுகிறது. நூற்றுக்கு நான்கைந்து பங்கே தேறுகிறது. தேவை வளர வளர அப்பங்கு இன்னும் சுருங்கும்.

இக்கணக்கைச் சொல்வது சூரியத் தகடுகளைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. நம் மண்ணிலேயே விளைவதும், எந்நாட்டையும் கேட்காமல் நாம் பெறுவதும் அந்த நான்கைந்து பங்கு மட்டுமே. அதனால் அதன் மதிப்பு பெரிது. ஆயினும் அடுக்குமாடிகள் எல்லாவற்றிலும் தகடு போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாம் அவர்களுக்கு உண்மையைச் சொன்னவர்கள் ஆகமாட்டோம்.

மேகத்தின் சிக்கலுக்கு மின்கலன்கள் ஓரளவு விடை தருகின்றன. மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் ஆக்கமும் செலவும் சமமாக இருத்தல் வேண்டும். தராசு சற்றே சாய்ந்தாலும் அதிர்வெண் தடுமாறும். 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஜூரோங் தீவின் மின்சேமிப்புக் கட்டமைப்பு 285 மெகாவாட் மணி, அதாவது 285,000 யூனிட், தேக்கவல்லது. மேகம் கடக்கும் பொழுதுகளில் தராசை நிலைநிறுத்துவது அதன் பணி. அதில் தேங்கும் மின்சாரத்தின் அளவை நாட்டின் செலவோடு ஒப்பிட்டால், சிங்கப்பூர் முழுவதும் மூன்று நிமிடத்திற்குள் செலவிடும் அளவுதான் அது. இரவு முழுவதையும் மின்கலனால் கடப்பது இன்னும் தொலைவில் உள்ள செயல்.

அயலார் வெயிலும் அயலார் ஆறும்

ஆகவேதான் அரசு அண்டை நாடுகளை நோக்குகிறது. 2035க்குள் சுமார் 6 ஜிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்வது 2024இல் உயர்த்தப்பட்ட இலக்கு. இது அப்போதைய தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதன் முதல் அடி 2022 ஜூனில் வைக்கப்பட்டது. லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை நமக்கு வந்தது; நான்கு நாடுகள் ஒரு மின்தொடரில் இணைந்தது அதுவே முதன்முறை. இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்தும், கடலடியில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கம்பிவடம் இழுத்து ஆஸ்திரேலியாவிலிருந்தும் மின்சாரம் கொணரும் திட்டங்களுக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல்களை அளித்துள்ளது.

தண்ணீருக்கு ஜொகூரை நம்பியிருந்த வரலாறு உடைய நமக்கு, அயலாரை நம்பும் வாழ்க்கை புதிதன்று. எரிவாயுவும் அயலாருடையதே. ஆயினும் எரிவாயுவைக் கப்பலில் வேறிடத்திலிருந்து வரவழைக்கலாம்; மின்சாரம் கம்பி வந்த வழியில்தான் வரும். 2021 அக்டோபரில் மலேசியா புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 2023 மே மாதம் அத்தடையை நீக்கியது. 2024 டிசம்பரில் தீபகற்ப மலேசியாவிலிருந்து 50 மெகாவாட் பசுமை மின்சாரம் வரத் தொடங்கியது. தன் மக்களின் தேவையை முதலில் எண்ணுவது எந்நாட்டுக்கும் இயல்பு. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் இம்மாற்றம் நம்மைச் சார்பிலிருந்து விடுவிக்கும் என்று எவரேனும் சொன்னால் நாம் தலையசைக்கக் கூடாது. ஒருவகைச் சார்பிலிருந்து வேறுவகைச் சார்புக்குச் செல்கிறோம். அச்சார்பைப் பல நாடுகளிடையே பகிர்ந்துகொள்வதும், நாட்டிற்குள் எரிவாயு நிலையங்களைத் தயார்நிலையில் வைத்திருப்பதும் தேவைப்படுகின்றன. அவை இரண்டுக்கும் செலவு உண்டு.

இன்னொரு கேள்வி, அறத்தைச் சார்ந்தது. மேக்கோங் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் எழும் அணைகள் மீன்களின் வழியை மறிக்கின்றன. வண்டல் கீழ்நிலங்களுக்குச் சென்று சேர்வதைக் குறைக்கின்றன. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி மீனவரும் வியட்நாமின் கழிமுக உழவரும் அதன் விளைவை உணர்பவர்கள். 2018 ஜூலையில் லாவோஸின் அட்டப்பூ மாநிலத்தில் கட்டப்பட்டுவந்த அணைத் தொகுதி ஒன்றின் துணைக்கரை உடைந்து ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின, பலர் மாண்டனர். அந்த மின்சாரம் நமக்கு வரவிருந்ததன்று. எனினும் அயலாரிடம் மின்சாரம் வாங்கப் புறப்படும் நாடு, அது எந்த ஆற்றிலிருந்து வருகிறது, எவர் நிலத்தைக் கடந்து வருகிறது என்று கேட்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறது. நம் கணக்கேட்டில் கரிமம் குறைந்து, அயலூர்க் குடும்பத்தின் கணக்கேட்டில் நிலம் குறைந்தால் அது நேரான வரவு ஆகாது.

விலையை யார் கொடுப்பது?

2019இல் தென்கிழக்காசியாவிலேயே முதன்முதலாகச் சிங்கப்பூர் கரிம வரியை விதித்தது. அப்போது டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்தது; 2026க்கு 45 வெள்ளி; 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை ஆகும் என அரசு அறிவித்துள்ளது. ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியேற்றும் பெரிய ஆலைகளும் மின்நிலையங்களுமே அதை நேரடியாகச் செலுத்துகின்றன. ஆனால் மின்நிலையம் செலுத்தும் வரி மின்கட்டணத்தில் கலந்து நம்மை வந்தடைகிறது. யூனிட்டுக்கு 0.4 கிலோகிராம் என்ற கணக்கில், டன்னுக்கு 25 வெள்ளி என்பது யூனிட்டுக்கு ஒரு காசு. 400 யூனிட்டுக்கு 4 வெள்ளி. 45 வெள்ளி ஆகும்போது அதே குடும்பத்திற்கு 7 வெள்ளி 20 காசு.

வசதியுள்ள வீட்டிற்கு இது ஒரு வேளைக் காப்பிச் செலவு. ஓய்வூதியமின்றி ஓரறை வாடகை வீட்டில் தனித்து வாழும் முதியவருக்கு அவ்வாறன்று. அவர் செலவிடும் யூனிட் குறைவாதலால் சுமையும் குறைவு என்பது உண்மையே. ஆனால் அவர் குறைப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை. இதை உணர்ந்தே பயனீட்டுக் கட்டணக் கழிவுகளும், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் பொருள்களை வாங்க 2024இல் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி மதிப்புள்ள பருவநிலைப் பற்றுச்சீட்டுகளும் வழங்கப்பட்டன. உதவி வந்தது, அதைப் பயன்படுத்தும் அறிவு எல்லோர்க்கும் சென்று சேர்ந்ததா? குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஐந்து குறிகள் இருந்தால் மின்செலவு குறைவு என்பதை நம் சமூகத்துப் பாட்டிமார் எத்தனை பேர் அறிவர்? விற்பவர் சொன்னதை நம்பி மலிவானதை வாங்கி, பத்தாண்டு கூடுதல் கட்டணம் செலுத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு.

இங்கே குற்றத்தை வீடுகளின்மேல் மட்டும் சுமத்துவதும் தகாது. நாட்டின் மின்சாரத்தில் வீடுகளின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. தொழில்துறையின் பங்கு 40 விழுக்காட்டுக்கு அதிகம். தரவு மையங்கள் மட்டுமே 2020இல் ஏறத்தாழ 7 விழுக்காட்டைச் செலவிட்டன. வீட்டில் ஒரு விளக்கை அணைப்பது நல்ல பழக்கம். அத்துடன், எத்தகைய ஆலைகளையும் தரவு மையங்களையும் இத்தீவு வரவேற்கிறது என்பதைக் கவனிப்பதும் கருத்துச் சொல்வதும் குடிமக்களின் கடமை. அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் அமர்வுகளில் தமிழ்க்குரல் அரிதாகவே ஒலிக்கிறது என்பது நம் எண்ணம். அதற்கு ஆர்வக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. சொல் கைவராதபோது குரலும் எழாது.

சொல்லுக்கு வருவோம்

‘எரிசக்தி’ என்கிறோம். எரித்துப் பெறும் ஆற்றலே எல்லாமாக இருந்த காலத்தில் அது பொருத்தமான சொல். இன்று எதையும் எரிக்காமல் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறுவதையும் ‘எரிசக்தி’ என்றே குறிக்கிறோம். வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆணையத்தின் பெயரிலேயே அது நிலைபெற்றுவிட்டது. ஆனால் வகுப்பில் ‘ஆற்றல்’ என்னும் பொதுச்சொல்லையும் அருகில் வைத்துச் சொன்னால், எரிப்பதற்கும் எரிக்காததற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் சொல்லிலேயே காண்பர்.

‘புதுப்பிக்கத்தக்க’ என்பது அடுத்தது. உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வீட்டைப் புதுப்பிக்கிறோம். வெயிலை யாரும் புதுப்பிப்பதில்லை. எடுக்க எடுக்கத் தீராது என்பதே கருத்தாதலால் ‘வற்றா ஆற்றல்’, ‘தீரா ஆற்றல்’ போன்ற சொற்கள் பேச்சில் எளிதாக அமரக்கூடும். வழக்கு எதை ஏற்கிறது என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

இவற்றினும் கவனத்துக்குரியது, வேறுபட்ட மூன்று கருத்துகளை ஒரே சொல்லால் மூடிவிடும் பழக்கம். ‘பசுமை மின்சாரம்’ என்று எல்லாவற்றுக்கும் பெயரிட்டுவிடுகிறோம். அணுமின்சாரம் கரிமம் குறைந்தது. ஆனால் தீரா ஆற்றல் அன்று. காட்டை அழித்து விறகெரித்துப் பெறும் மின்சாரம், மரம் மீண்டும் வளரும் என்ற அளவில் புதுப்பிக்கத்தக்கது; ஆனால் கரிமம் குறைந்தது எனத் துணிந்து சொல்ல முடியாது. பேரணை நீர்மின்சாரம் தீராதது, பெரும்பாலும் கரிமமும் குறைந்தது. ஆயினும் ஆற்றுக்கும் ஆற்றங்கரை மக்களுக்கும் கேடற்றதா என்பது தனிக்கேள்வி. ‘தீராதது’, ‘கரிமம் குறைந்தது’, ‘கேடற்றது’ என மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவன், நாளை அணுவாற்றல் பற்றியோ ஹைட்ரஜன் பற்றியோ நாடு முடிவெடுக்கும்போது சரியான கேள்வியைக் கேட்பான். பிரித்துச் சொல்லத் தெரியாதவன் ‘பசுமை’ என்ற முத்திரையைக் கண்டதும் அடங்கிவிடுவான்.

கலைச்சொல்லைத் தூய்மைப்படுத்துவதிலேயே நம் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மெகாவாட், யூனிட் போன்றவை அவ்வாறே இருக்கட்டும். அவை உலகப் பொதுவளவுகள். கருத்தைப் பிரித்துக் காட்டும் சொற்களில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளரும் நாள்தோறும் அப்பணியைச் செய்துவருகின்றனர். ஆசிரியர்களும் பெற்றோரும் துணைநின்றால் அச்சொற்கள் தாளிலிருந்து நாவுக்கு வரும்.

இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். உயர்நிலைத் தமிழ் வகுப்புகளில் ஒரு மாதத்து மின்கட்டணச் சீட்டை எடுத்துவைத்து, அதை முழுவதும் தமிழில் விளக்கும் பயிற்சியை ஆசிரியர்கள் நடத்திப் பார்க்கலாம். கோயில்களும் சமூக அமைப்புகளும் முதியோர்க்கான கூட்டங்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, மின்பொருள் குறிகளையும் பற்றுச்சீட்டுகளையும் தமிழில் எடுத்துச் சொல்லலாம். இளையர், நாட்டின் மின்சாரம் பற்றி அரசு கருத்துக் கேட்கும்போது, தாம் எண்ணுவதைத் துணிந்து எழுதலாம்; வீட்டுப் பெரியோரிடம் கேட்டு அவர்கள் எண்ணுவதையும் சேர்த்து எழுதலாம்.

செயின்ட் ஜேம்ஸில் முதல் உலை மூட்டப்பட்டபோது அதைப் பற்றி நம் முன்னோரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். 2050இல் இந்நாட்டின் விளக்குகள் எதனால் ஒளிரும் என்பதை முடிவுசெய்யும் ஆண்டுகள் இவையே. அம்முடிவில் நம் பங்கும் இருக்க வேண்டுமாயின், அதை நாம் நன்கறிந்த மொழியில் எண்ணிப்பார்க்கத் தொடங்க வேண்டும்.